வைன் ருசித்துக் குறிப்பு எழுதும் நண்பர்களுக்கு, பீடோங்கிலிருந்து ஒரு மடல்

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் ஜொகூர் பாருவிலும் இருந்துகொண்டு, ருசித்த வைனைப் பற்றித் தமிழில் எழுதியும் பேசியும் வரும் அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

நான் கெடாவில், சுங்கைப்பட்டாணிக்கு வடக்கே உள்ள பீடோங்கில் இருக்கிறேன். தோட்டத்து லயத்தில் பிறந்தவள். பினாங்கில் ஓர் ஓட்டலின் உணவகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் பரிமாறும் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பினேன். வைன் பழகியது அங்கேதான். இப்போது மாதத்தில் இரண்டு சனிக்கிழமை எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஆறு பேர் கூடுகிறோம்: ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர், லாரி ஓட்டும் தம்பி, செம்பனைத் தோட்டத்தில் இன்னும் தண்டலாக, அதாவது வேலையாட்களின் மேற்பார்வையாளராக இருக்கும் அண்ணன், தையற்கடை அக்கா, தாதியாக வேலைசெய்யும் என் அண்ணன் மகள், நான். ஒரு பாட்டில், ஆறு கிளாஸ். 750 மில்லியைப் பங்கிட்டால் ஆளுக்கு 125 மில்லி. இரண்டாவது பாட்டில் திறப்பதில்லை. எல்லாருக்கும் நடந்தே வீடு போகிற தூரம்தான்.

உங்கள் குறிப்புகளை வாசித்துத்தான் பெரும்பாலும் வாங்குகிறோம். அந்த நன்றியோடுதான் இதை எழுதுகிறேன்.

அண்மையில் உங்களில் ஒருவர் பாராட்டியிருந்த சிலி நாட்டுச் சிவப்பு வைன் ஒன்றை வாங்கினோம். கார்மெனேர் என்ற திராட்சை. குறிப்பில் ‘பிளாக்கரண்ட், சிடார் மரம், கிராஃபைட், இலையுதிர்காலக் காட்டுத்தரை’ என்றிருந்தது. ஆசிரியர் அதை உரக்க வாசித்தார். “பிளாக்கரண்ட்னா ரிபெனாவா?” என்று தண்டல் அண்ணன் கேட்டார். சரியான கேள்விதான். நம்மில் பெரும்பாலோர் அந்தப் பழத்தைச் செடியில் பார்த்ததே கிடையாது, ரிபெனா போத்தலில்தான் தெரியும். கிளாஸை மறுபடி மறுபடி முகர்ந்து பார்த்த தையல் அக்கா, “எனக்கு மூக்கும் நாக்கும் சரியில்ல போல, இதுல ஒண்ணும் தெரியல” என்று அதைக் கீழே வைத்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, “பச்சை மிளகாய் கிள்ளின கையில ஒரு வாசம் வருமே, அதுதான் எனக்கு வருது. வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு” என்றார்.

நண்பர்களே, அக்கா சொன்னதுதான் சரி. கார்மெனேரில் மெத்தாக்ஸிபைரசின் என்ற வாசனைப் பொருள் தூக்கலாக இருக்கும். குடைமிளகாய்க்கும் பச்சை மிளகாய்க்கும் அந்தப் பச்சை வாடையைத் தருவதும் அதே பொருள்தான். மேல்நாட்டுப் புத்தகம் எதையும் படிக்காமல், தன் சமையற்கட்டை வைத்தே அக்கா அதைப் பிடித்துவிட்டார். ஆனால் உங்கள் குறிப்பில் அந்தச் சொல் இல்லாததால், தன் மூக்கில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கார்மெனேரின் கதையே பெயர் மாறிப்போன கதைதான். சிலியில் நூறாண்டுக்கும் மேலாக அதை மெர்லோ என்ற வேறொரு திராட்சை என்று நினைத்தே வளர்த்தார்கள். 1994ல் பிரெஞ்சுத் திராட்சைக் கொடி அறிஞர் ஜான்-மிஷேல் பூர்சிகோ தோட்டத்தில் நின்று கொடியை உற்றுப் பார்த்து, இது மெர்லோ இல்லை, கார்மெனேர் என்று சொன்னார். தவறான பெயர் இருந்தவரை மெர்லோவோடு சேர்த்தே அறுத்தார்கள். அதுவோ தாமதமாகப் பழுக்கிற திராட்சை, அதனால் பச்சை வாடை இன்னும் கூடிப்போனது. பெயர் சரியான பிறகு காத்திருந்து அறுக்கப் பழகினார்கள், வைனும் தேறியது.

முன்கூட்டிய எண்ணம் எவ்வளவு தூரம் நாக்கை ஆட்டிவைக்கும் என்பதற்கு இன்னொன்றும் உண்டு. 2001ல் வெளிவந்த ஓர் ஆய்வில், பிரான்சின் போர்தோவில் வைன் கலை படித்த 54 மாணவர்களிடம் வெள்ளை வைனில் மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். சிவப்பு வைனுக்குச் சொல்லும் சொற்களை எல்லாம் அவர்கள் அதற்குச் சொன்னார்கள். அதையே தொழிலாகப் படித்தவர்களுக்கே அப்படி. அப்படியிருக்க, பீடோங்கில் ஒரு பெண் உங்கள் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தன் மூக்கைச் சந்தேகப்பட்டதில் வியப்பில்லை.

அதனால் முதல் வேண்டுகோள்: நம் நாக்குக்குத் தெரிந்த சொற்களில் எழுதுங்கள். அழகுக்காகக் கேட்கவில்லை, துல்லியத்துக்காகவே கேட்கிறேன். சோவின்யோன் பிளாங்க் என்ற வெள்ளை வைனில் வரும் அந்த வெப்பமண்டலப் பழ வாசனைக்குக் காரணமான கந்தகச் சேர்மம் கொய்யாவிலும் பேஷன் பழத்திலும் இருக்கிறது. கொய்யா என்று எழுதினால் இங்கே சின்னப் பிள்ளைக்கும் புரியும், நீங்களோ ‘கூஸ்பெர்ரி’ என்று எழுதுகிறீர்கள். கெவுர்ஸ்ட்ராமினர் என்ற வெள்ளை வைனில் வரும் லைச்சி மணம் வெறும் ஒப்புமை இல்லை, இரண்டிலும் ரோஸ் ஆக்ஸைடு என்ற ஒரே பொருள் இருக்கிறது. ஷிராஸ் என்ற சிவப்பு வைனின் மிளகு வாசனைக்குக் காரணமான ரோட்டண்டோன் என்ற பொருளை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008ல் கண்டறிந்தார்கள். நாம் ரசத்துக்கு இடிக்கும் மிளகின் வாசமும் அதுவேதான். ஐந்தில் ஒருவருக்கு அந்த வாசமே தெரியாதாம். எங்கள் ஆறு பேரில் லாரித் தம்பிக்குத் தெரியவில்லை. ‘எனக்கு மிளகு வரவில்லை’ என்று ஒருவர் சொன்னால் அவர் கற்றுக்குட்டி என்று நினைத்துவிடாதீர்கள்.

அப்புறம் துவர்ப்பு. வைனில் அதைத் தரும் பொருளை டானின், டானின் என்று எழுதுகிறீர்கள். அறுசுவையில் ஒன்றாகவே துவர்ப்புக்கு ஓர் இடம் கொடுத்து வைத்திருக்கும் மொழி நம்முடையது. வெற்றிலைபாக்கு போடுகிற பாட்டியிடம் வாய் உலர்ந்து இழுப்பதைப் பற்றிக் கேட்டுப்பாருங்கள். பாக்குத் துவர்ப்பு வேறு, வாழைப்பூத் துவர்ப்பு வேறு, கடுந்தேநீர்த் துவர்ப்பு வேறு என்று பிரித்தே சொல்வார். நான் பினாங்கில் பரிமாறிய காலத்தில் வாடிக்கையாளருக்கு ‘ஃபர்ம் டானின்’ என்று விளக்கிய ஒவ்வொரு முறையும் என் மனதில் ஓடியது பாக்குதான். வைனுக்குத் தேறல் என்ற பழைய பெயரைக் கொண்டுவர வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். வைன் வைனாகவே இருக்கட்டும், எனக்கு அதில் குறையில்லை. ருசிக்கான சொற்கள்தாம் நம்முடையவையாக வேண்டும்.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஆன் நோபல் என்ற அம்மையார் 1980களில் ‘வாசனைச் சக்கரம்’ ஒன்றை வகுத்தார். அவர் வழி ரொம்ப எளிமையானது: சாதாரண வைனில் உண்மையான பொருளையே சிறிது போட்டு ஊறவைத்து, மூக்குக்குப் பழக்குவது. நாங்களும் செய்து பார்த்தோம். விலை குறைந்த வெள்ளை வைனை ஆறு கிளாஸில் ஊற்றி, கொய்யாத் தோல், ஒரு சிட்டிகை மிளகு, பழம்புளி, நாவல்பழம், பச்சை மிளகாய்க் காம்பு, காய்ந்த திராட்சை என்று ஒவ்வொன்றில் ஒன்று போட்டு மூடி வைத்தோம். அரைமணி நேரத்தில் எல்லார் முகமும் மாறிவிட்டது. தண்டல் அண்ணன் அன்றைக்குப் பிறகு குறிப்பேடு வாங்கிக்கொண்டார். முன்பு ஒருநாள் ஒரு சிவப்பு வைனைத் திறந்ததும், “பழைய மங்குல காஞ்ச ஒட்டுப்பால் வாடை” என்றார். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய கை அது. கந்தகச் சேர்மம் தங்கிவிட்ட வைனில் ரப்பர் வாடை வருவது உண்மைதான். அகலமான ஜாடியில் ஊற்றி வைத்தோம், கொஞ்ச நேரத்தில் வாடை போய்ப் பழ வாசம் மேலே வந்தது. ஒட்டுப்பாலை முகர்ந்தே வளர்ந்தவர் கண்டுபிடித்த அளவு சீக்கிரமாக, ஓட்டலில் நான்கூட ஒருநாளும் அதைக் கண்டுபிடித்ததில்லை.

அடுத்தது விலை. இந்த ஆண்டின் ‘மலிவான நல்ல பாட்டில்’ என்று உங்களில் ஒருவர் 180 வெள்ளி (ரிங்கிட்) வைனைப் பரிந்துரைத்திருந்தார். குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளி ஆனது. மாதம் 26 நாள் வேலை என்று வைத்தால் ஒரு நாளுக்கு 65 வெள்ளி. அந்த மலிவு பாட்டில் இங்கே கிட்டத்தட்ட மூன்று நாள் சம்பளம். மலிவு என்ற சொல்லை எழுதும்போது யாருக்கு மலிவு என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அதே நேரம், ஆகக் குறைந்த விலையைத் தேடுவதும் லாபமில்லை என்பதை விளக்கிச் சொல்ல உங்களைப் போன்றவர்கள் வேண்டும். நம் நாட்டில் 2016 முதல் கலால் வரி ஆல்கஹால் அளவைக் கணக்கிட்டே விதிக்கப்படுகிறது. பாட்டில் விலை எதுவானாலும், ஒரே அளவு ஆல்கஹால் உள்ள வைனுக்கு அந்த வரி ஒன்றுதான். அதோடு கண்ணாடிக்கும் கப்பல் கூலிக்கும் கடை வாடகைக்கும் போக, ஆகக் குறைந்த விலைப் பாட்டிலில் வைனுக்கென்று மிஞ்சுவது கொஞ்சக் காசுதான். பதினைந்து, இருபது வெள்ளி கூடக் கொடுத்தால் அதில் கணிசமான பங்கு வைனுக்கே போகிறது. எங்கள் அனுபவத்தில் 55 முதல் 75 வெள்ளிக்குள்தான் கொடுத்த காசு நாக்கில் தெரிகிறது. ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு வெள்ளி. லங்காவி வரியில்லாத் தீவுதான், நமக்குப் பக்கம்தான். ஆனால் திரும்பும்போது வரியில்லாமல் ஒரு லிட்டர் வரைதான் அனுமதி, அதாவது ஒரு பாட்டில். கப்பல் காசும் போட்டுப் பார்த்தால், வேறு வேலையாகப் போகிறவர் கையில் சொல்லிவிடுவதுதான் புத்தி.

அந்த விலைக்குள் எங்களுக்கு ஒத்துவந்தவற்றைச் சொல்கிறேன், உங்கள் குறிப்புகளோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். தென்னாப்பிரிக்காவின் ஷெனான் பிளாங்க்: அங்கே அதிகம் பயிராகும் வெள்ளைத் திராட்சை, அதனால் நல்லது மலிவாகவே கிடைக்கிறது. தேங்காய்ப்பால் ஊற்றிய மீன்கறிக்கு இதைவிடப் பொருத்தமாக நாங்கள் எதையும் பார்க்கவில்லை. கொஞ்சம் இனிப்பு மிச்சமிருக்கும் ஜெர்மன் ரீஸ்லிங்கை நெத்திலி சம்பலோடு குடித்தோம். காரம் அடங்கியது, எலுமிச்சைப் புளிப்பு எண்ணெய்ப் பிசுக்கை வெட்டியது. ஸ்பெயினின் கர்னாச்சா என்ற சிவப்பு வைனை அரைமணி நேரம் குளிர்பெட்டியில் வைத்து ஆட்டிறைச்சிப் பிரட்டலோடு குடித்தோம். கெட்டித் துவர்ப்புள்ள கேபர்னே என்ற இன்னொரு சிவப்பு வைனை அதே பிரட்டலோடு குடித்தபோது வாய் எரிந்தது. ஆல்கஹாலும் துவர்ப்பும் மிளகாய்க் காரத்தைக் கூட்டிவிடும். ‘சிவப்பு இறைச்சிக்குச் சிவப்பு வைன்’ என்று நீங்கள் எழுதியதை நம்பிச் செய்தது அது. அந்த விதி மிளகாய் இல்லாத சமையலுக்கு எழுதியது.

‘அறை வெப்பநிலையில் பரிமாறவும்’ என்பதையும் தயவுசெய்து அப்படியே எடுத்து எழுதாதீர்கள். அது 16, 18 பாகையில் இருக்கும் ஐரோப்பிய வீட்டு அறை. எங்கள் அறை மத்தியானம் 32. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், சிறு ஊர்களில் பாட்டில்கள் வேகும் வெயிலில் கிடக்கின்றன. குளிரூட்டி இல்லாத ஒரு கடையில் மாதக்கணக்கில் நின்ற பாட்டிலை, உங்கள் பரிந்துரையை நம்பி 70 வெள்ளி கொடுத்து வாங்கினேன். தக்கை விளிம்புக்கு மேலே துருத்தியிருந்தது, கழுத்தில் பிசுபிசுப்பு. கவனித்திருக்க வேண்டும். உள்ளே வேகவைத்த பழம் மாதிரி ஒரு செத்த ருசி. ஆறு பேரும் ஒரு வாய் குடித்துவிட்டு வைத்துவிட்டோம். மாதத்தின் இரண்டு மாலைகளில் ஒன்று அப்படிப் போனது. பாட்டிலைப் பரிந்துரைக்கும்போது தக்கையா திருகுமூடியா, கடையில் எதைப் பார்த்து வாங்குவது என்பதையும் இரண்டு வரி சேருங்கள். ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கில் 2000ஆம் ஆண்டு அறுவடை ரீஸ்லிங்கையே திருகுமூடி போட்டு விற்றவர்கள் இருக்கிறார்கள். இங்கே இன்னும் பலர் திருகுமூடி என்றால் மட்டம் என்று ஒதுக்குகிறார்கள்.

இன்னொன்று சொல்லாமல் இந்த மடலை முடிக்க முடியாது. இந்த ஊரில் பாட்டிலுக்கு ஒரு வரலாறு உண்டு. தோட்டத்தில் நிர்வாகமே கள்ளுக்கடை வைத்து, கொடுத்த கூலியைச் சாயங்காலமே திரும்ப வாங்கிய காலம் அது. 1941 கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் கள்ளுக்கடையை மூடுவதும் ஒன்று. 1947ல் பீடோங் ஹார்வர்ட் தோட்டம் பக்கம் தொண்டர் படை கள்ளுக்கு எதிராக எழுந்து நின்றது. என் தாத்தா அந்தக் கூட்டத்தோடு சேர்ந்து போனவர். அவர் மகன், என் அப்பா, சம்சு என்ற மலிவுச் சாராயம் குடித்தே போனார். நான் வீட்டுக்கு முதல் வைன் பாட்டிலைக் கொண்டுவந்த நாளில் அம்மா அதைத் துணியால் மூடி வைத்தார். எனக்குக் கோபம் வரவில்லை. அம்மா பார்த்தது பாட்டிலைத்தான், உள்ளே என்ன என்பதை இல்லை.

ஆறு பேருக்கு ஒரு பாட்டில் என்ற எங்கள் கணக்கு அதிலிருந்து வந்தது. உங்கள் குறிப்புகளில் சில நேரம் ‘நாங்கள் நால்வர், ஆறு பாட்டில் காலி’ என்று பெருமையாக வருகிறது. தாதியாக இருக்கும் என் அண்ணன் மகள் அதை வாசித்துவிட்டு, “ஆறாவது பாட்டிலில் இவர்களுக்கு என்ன ருசி தெரிந்திருக்கும், அத்தை?” என்று கேட்டாள். எத்தனை பாட்டில் என்பதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் எதோடு சாப்பிட்டீர்கள் என்று எழுதுங்கள். நம் நாட்டில் 2017 டிசம்பர் முதல் மது வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். அந்த வயதைத் தொடும் பிள்ளைகள் இங்கே உங்களை வாசிக்கிறார்கள். மதுவோடு மரியாதையாகப் பழகும் ஒரு தமிழ்ப் பேச்சு அவர்கள் காதில் முதலில் விழட்டும் என்று ஆசைப்படுகிறேன்.

நாங்கள் எழுதத் தொடங்கிய சொற்பட்டியல் தண்டல் அண்ணனின் குறிப்பேட்டில் இருக்கிறது. 43 சொற்கள் வரை வந்திருக்கின்றன. கடைசியாகச் சேர்ந்தது ‘மழை பெய்த மறுநாள் செம்பனைக் காட்டு மண்’. படியெடுத்து அனுப்பத் தயாராக இருக்கிறோம். நீங்கள் குடித்த, நாங்கள் குடிக்க முடியாத நூறு வைன்களின் ருசியை அந்தச் சொற்களில் சொல்லிப் பாருங்கள். எது பொருந்தவில்லையோ அதை அடித்துவிட்டு, உங்கள் ஊர்ச் சொல்லைச் சேர்த்துத் திருப்பி அனுப்புங்கள்.

வடக்கே வரும் நாளில் ஒரு சனிக்கிழமை மாலை எங்களோடு இருங்கள். 75 வெள்ளிக்கு மேல் போகாத ஒரு பாட்டிலைக் கொண்டுவாருங்கள். முறுக்கும் நெத்திலியும் நாங்கள் பொரித்து வைக்கிறோம். அம்மாவும் இப்போதெல்லாம் பின்கட்டில் எங்களோடு உட்கார்ந்து, குடிக்காமல் கிளாஸை வாங்கி முகர்ந்து மட்டும் பார்க்கிறார். போன தடவை ஷெனான் பிளாங்கை முகர்ந்துவிட்டு, “அன்னாசித் தோல்” என்றார். அதையும் எழுதிக்கொண்டோம்.

அன்புடன்,
பீடோங்கிலிருந்து உங்கள் வாசகி