பின் ஒழுங்கைக்கு மூன்று கதவுகள்: திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

லண்டன் ஈஸ்ட் ஹாமில் நம் வீடுகளுக்குப் பின்னால் ஓடும் ஒழுங்கைக்குக் கதவு போடும் வேலை முடிந்துவிட்டது. மூன்று வாயிலிலும் கதவு நிற்கிறது, பூட்டு விழுகிறது, 46 வீட்டுக்கும் சாவி போய்ச் சேர்ந்துவிட்டது. ஆங்கில அறிக்கை தெரு முழுவதற்கும் தனியாக வரும். இது தமிழ் வீடுகளுக்கு என்பதால் கொஞ்சம் மனம்விட்டே எழுதுகிறேன்.

திருப்பணி என்ற பெயர் நம் தலைவர் கிண்டலாக வைத்தது. கோயில் வேலை போலவே இதுவும் வசூலில் தொடங்கி வாய்ச்சண்டையில் வளர்ந்தது என்றார். முதல் கூட்டத்திலேயே சொற்சண்டை வேறு. தமிழ்நாட்டுக்காரர்கள் சந்து, கேட், சாவி என்றோம். யாழ்ப்பாணத்தார் ஒழுங்கை, படலை, திறப்பு என்றார்கள். ஒழுங்கை என்ற சொல் அழகாக இருந்ததால் அதை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

ஏன் இந்த வேலை என்று இன்னும் கேட்பவர்களுக்காக: வரிசையாக ஒட்டிக் கட்டிய நம் வீடுகளின் முன்பக்கம் தெருவைப் பார்த்து நிற்கிறது, யாராவது பார்த்துக்கொண்டே இருப்பார்கள். பின்பக்கம் இருட்டு. ஆள் உயர வேலியைத் தாண்டினால் சமையலறைக் கதவு. நம் வீடுகளில் தங்கம் இருக்கும் என்பது திருடனுக்கும் தெரியும். தீபாவளி நெருங்கினால் லண்டன் போலீஸே நகையைப் பத்திரப்படுத்தச் சொல்கிறது. லிவர்பூலில் இப்படி மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கதவுகள் போட்டார்கள். 2004-இல் வெளியான ஆய்வு ஒன்று, அங்கே வீடு புகுந்து திருடுவது சுமார் 37 சதவீதம் குறைந்ததாகக் கணக்கிட்டது. நம் தெருவிலும் அப்படியே குறையும் என்று குழு வாக்குக் கொடுக்கவில்லை.

இரும்பு வேலைக்கு மூன்றே நாள். கையெழுத்து வாங்கத்தான் பதினோரு மாதம். நம் ஒழுங்கை கவுன்சிலின் (உள்ளூராட்சியின்) பாதை அல்ல, தனியார் நிலம். பொதுப்பாதையாக இருந்தால் சமூக விரோதச் செயல்களைத் தடுக்கும் 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி கவுன்சில்தான் உத்தரவு போட்டு அடைக்க வேண்டும், அதுவும் ஒரு தடவைக்கு அதிகபட்சம் மூன்று ஆண்டுக்கு. நமக்கு அந்தத் தொல்லை இல்லை, ஆனால் பின்வழி உரிமை, அதாவது ஒழுங்கை வழியே போய்வரும் உரிமை உள்ள ஒவ்வொரு வீட்டு உரிமையாளரின் சம்மதமும் வேண்டியிருந்தது. குடியிருப்பவர் கையெழுத்துப் போட்டால் செல்லாது. ஒன்பது வீடுகள் வாடகை வீடுகள். உரிமையாளர் யாரென்றே பக்கத்து வீட்டுக்கும் தெரியவில்லை. நிலப்பதிவு அலுவலகத்தில் வீட்டுக்கு 7 பவுண்ட் கட்டிப் பெயர் எடுத்தோம். அதில் ஒருவர் வெளிநாட்டில். நான்கு மாதம் கழித்து ஒரே வரியில் சம்மதம் அனுப்பினார். அன்றைக்கு நான் சாமிக்கு விளக்கேற்றினேன் என்று சொன்னால் சிரிக்காதீர்கள்.

அப்புறம் பெரிய சண்டைக்கு வருகிறேன். ஐந்து வீடுகள் பணம் தரவில்லை. "காசு தராதவருக்கு எதற்குச் சாவி?" என்று கூட்டத்தில் மேசையைத் தட்டினார்கள். நியாயமான கோபம்தான், எனக்கும் இருந்தது. ஆனால் வழி உரிமை பத்திரத்தோடு வருவது, நம் ரசீதோடு வருவதில்லை. உரிமை உள்ளவரைப் பூட்டி வெளியே நிறுத்தினால் வழக்குக்கு நாமே வழி திறந்துவிட்டதாக ஆகும். தவிர, சாவி இல்லாதவர் என்ன செய்வார்? கதவைத் திறந்தே போட்டுவிட்டுப் போவார். ஆகவே எல்லோருக்கும் இரண்டிரண்டு சாவி கொடுத்தோம். அந்த ஐந்தில் ஒரு வீட்டில் வேலை போய் ஆறு மாதமாகிறது என்று பிறகுதான் தெரிந்தது. எந்த வீடு என்று கேட்காதீர்கள்.

இந்தச் சாவியைக் கடைத்தெருவில் நகல் எடுக்க முடியாது. தொலைத்தால் குழு மூலமாகத்தான் வாங்க வேண்டும், 6 பவுண்ட். வாடகை வீட்டை மாற்றுகிறவர்கள் சாவியை அடுத்தவரிடம் ஒப்படைக்க வேண்டும். கழிவுநீர்க் குழாய்கள் ஒழுங்கைக்கு அடியில்தான் போகின்றன. பல வீடுகளுக்குப் பொதுவான குழாய்கள் 2011 அக்டோபரிலிருந்து தண்ணீர் நிறுவனத்தின் பொறுப்பு. அவர்கள் ஆட்கள் வந்தால் செயலாளரான என்னைக் கூப்பிடுங்கள், திறந்துவிடுகிறேன்.

கதவில் செங்குத்துக் கம்பிகள் மட்டுமே, கால் வைத்து ஏறக் குறுக்குக் கம்பி கிடையாது. உள்ளிருந்து வெளியே வரச் சாவி வேண்டாம், குமிழைத் திருகினால் போதும். இதில்தான் நாங்கள் கோட்டை விட்டோம். முதல் கதவு மாட்டிய அன்று மாலை, நம் தெருப் பையன் ஒருவன் வெளியே நின்றபடி கம்பிக்கு நடுவே கையை விட்டுக் குமிழைத் திருகித் திறந்து காட்டினான். ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. வரைபடத்தை ஒப்புக்கொண்ட குழுவில் பெரிய பொறியாளர்கள் இரண்டு பேர் இருந்தோம். பட்டறைக்காரர் மூன்று கதவுக்கும் இரும்புத் தகடு வைத்து மறைத்துக் கொடுத்தார், கூடுதல் காசு கேட்கவில்லை. கதவு அறைகிற சத்தம் பற்றி முனை வீட்டு அம்மா சொன்னதும் ரப்பர் வைத்தாயிற்று. நரி மட்டும் பழையபடி வந்து போகிறது. அடியில் உள்ள இடைவெளி அதற்குப் போதும்.

கணக்கு: 41 வீடுகள் தலா 130 பவுண்ட், மொத்த வரவு 5,330. கதவுகளும் பொருத்துகூலியும் 3,900. திட்ட அனுமதிக்கான கட்டணமும் வரைபடமும் 420 (தெருவை ஒட்டி 1 மீட்டருக்கு மேல் கதவு என்றால் அனுமதி வேண்டும்). நூறு சாவிகள் 600. நிலப்பதிவு 63. குப்பை அகற்ற 310. மொத்தச் செலவு 5,293, கையிருப்பு 37 பவுண்ட். ரசீதுகள் என்னிடம் இருக்கின்றன, யாரும் வந்து பார்க்கலாம். பூட்டுக்கும் கீலுக்கும் எண்ணெய் போட ஆண்டுக்கு வீட்டுக்கு 5 பவுண்ட் கேட்கலாம் என்று நினைக்கிறோம். அடுத்த கூட்டத்தில் பேசுவோம்.

அந்த 310 பற்றி ஒரு வார்த்தை. தனியார் நிலத்தில் யாரோ கொட்டிய குப்பையையும் நிலத்துக்காரர்தான் அள்ள வேண்டும். மெத்தை ஏழு, பிரிட்ஜ் ஒன்று, குழந்தை வண்டி இரண்டு. எல்லாவற்றுக்கும் அடியில் ஓர் அம்மிக் குழவி. அம்மி இல்லை, குழவி மட்டும். எந்த வீட்டுக்காரர் ஊரிலிருந்து விமானத்தில் சுமந்து வந்தாரோ தெரியவில்லை.

குழவியைக் கழுவி நடுக் கதவோரம் வைத்தோம், சொந்தக்காரர் எடுத்துக்கொள்ளட்டும் என்று. இரண்டு வாரத்தில் மூன்று முறை அதைக் கதவுக்கு முட்டுக் கொடுத்து, கதவு நாள் முழுக்கத் திறந்து கிடந்தது. ஒருமுறை கூரை வேலைக்கு வந்தவர்கள். மற்ற இரண்டு முறை நாம்தான். இப்போது குழவி என் வீட்டுத் தோட்டத்தில் இருக்கிறது. உரியவர் மாலை ஆறு மணிக்கு மேல் வந்து வாங்கிக்கொள்ளலாம்.

செயலாளர், தெருக் குழு