குறைமாதக் குழந்தைக்கும் தொடுவது தெரியும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

"குறைமாதக் குழந்தைக்குத் தொடுவதெல்லாம் தெரியாது, எடை ஏறும்வரை கை படாமல் இருப்பதே நல்லது." சென்ற ஞாயிறு உங்கள் குழந்தை வளர்ப்புப் பக்கத்தில் வந்த வரி இது. என் கல்யாணத்துக்கு முன்பிருந்தே உங்கள் பத்திரிகை வாங்குகிற குடும்பம் எங்களுடையது. அதற்குமேல் படிக்க மனம் வரவில்லை.

என் மகளுக்கு ஏழாம் மாதமே பிரசவமாகிவிட்டது. தனியார் மருத்துவமனையில் அவளைக் கண்ணாடிக்கு வெளியேதான் நிறுத்தினார்கள். குழந்தையின் குதிகாலில் குத்தி ரத்தம் எடுக்க ஆள் மாற்றி ஆள் உள்ளே போனார்கள். பெற்றவள் விரல் வைத்தால் மட்டும் இன்ஃபெக்ஷன் வந்துவிடுமாம். முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வருகிறோம் என்று கெஞ்சியும் விடவில்லை. அப்புறம் அரசு மருத்துவமனைக்கு மாற்றினோம். அங்கே நர்ஸம்மா குழந்தைக்குத் தொப்பியும் நாப்கினும் மட்டும் போட்டு, மகளின் நைட்டிக்குள் மார்போடு சேர்த்துத் துணியால் கட்டிவிட்டார். மானிட்டரில் ஏறி இறங்கிக்கொண்டிருந்த நாடித்துடிப்பு கொஞ்ச நேரத்தில் ஒரு நிலைக்கு வந்ததை நானே பார்த்தேன்.

உங்களுக்குத் தெரியாததா? கருவில் முதலில் உண்டாகும் புலனே தொடுவுணர்வுதான். 2011இல் லண்டன் ஆய்வாளர்கள் மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி. எடுத்துப் பார்த்தார்கள். தொட்டாலும் குதிகாலில் குத்தினாலும் குறைமாதக் குழந்தையின் மூளையில் அலை எழத்தான் செய்தது, ஆனால் இரண்டுக்கும் ஒரே மாதிரி. கர்ப்பக் கணக்கில் 35 முதல் 37 வாரத்தில்தான் இரண்டுக்கும் தனித்தனி அலை வரத் தொடங்கியது. 2017இல் அமெரிக்காவில் 125 குழந்தைகளின் தோலில் மெல்லக் காற்றை ஊதிப் பார்த்தார்கள். தாயின் அணைப்பு அதிகம் கிடைத்த குறைமாதக் குழந்தைகளின் மூளை நன்றாகப் பதில் கொடுத்தது. ஊசிக் குத்தும் வலியும் அதிகம் பட்டவர்களுக்கு அது குறைந்திருந்தது. கை படாமல் வைக்கச் சொன்னீர்களே, அந்தக் குழந்தைக்கு மிஞ்சுவது ஊசி ஒன்றுதானே ஐயா?

1978இல் கொலம்பியாவின் போகோட்டாவில் டாக்டர் எட்கர் ரே சனாப்ரியா தொடங்கியதுதான், அந்த நர்ஸம்மா செய்ததுபோல் குழந்தையைத் தாயின் மார்போடு சேர்த்து வைக்கும் கங்காரு பராமரிப்பு. அதை, பிறந்தவுடனேயே, நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் கொடுக்கச் சொல்லி 2022இல் உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைத்துவிட்டது.

சீம்பால் விஷயத்திலும் இதேதான் நடந்தது. அதைப் பீய்ச்சி எறியச் சொன்ன குறிப்பைப் போட்டீர்கள். மறுத்து நான் எழுதிய கடிதம் வரவே இல்லை. பாட்டிமார் எழுதினால் படிக்க மாட்டீர்களோ என்ற வருத்தம் இன்னும் போகவில்லை.

அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். கங்காரு பராமரிப்பு பற்றி டாக்டரிடம் கேளுங்கள் என்று தாய்மாருக்கு ஒரு வரியும் சேர்த்தால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருநெல்வேலி