வாங்கித் தந்தால் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் குழந்தைகளின் வாசிப்பைப் பற்றிய கட்டுரையில், "இரவில் தாய் வாசித்துக் காட்டட்டும், தந்தை நல்ல புத்தகங்களை வாங்கித் தந்தாலே போதும்" என்றொரு வரி. எங்கள் கடமையைப் பணப்பையோடு முடித்துவைத்த பெருந்தன்மைக்கு நன்றி.

இரண்டரை வயது மகளுக்கு ஓராண்டாக இரவுதோறும் வாசித்துக் காட்டிவருபவன் நான். அண்மையில் ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் இரண்டு பக்கங்களைச் சேர்த்துப் புரட்டிவிட்டேன். ஓரெழுத்தும் அறியாத அவள் என் கையை விலக்கிப் பக்கத்தைத் திருப்பி, மழையில் நனைந்து நிற்கும் யானையின் மேல் விரலை வைத்து, "இது?" என்றாள். அவள் அம்மா வாசித்தால் கதை கதையாகச் செல்லும். நான் வாசித்தால் அந்த யானை எப்படித் தும்மும் என்பதிலேயே பாதி நேரம் போய்விடும். இரண்டுமே அவளுக்கு வேண்டியிருக்கிறது.

பிறந்தது முதலே பெற்றோர் குழந்தைக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2014-ஆம் ஆண்டிலேயே அறிவுறுத்தியதைத் தாங்கள் அறிவீர்கள். பெற்றோர் என்றால் இருவர் என்பதையும் அறிந்தே இருப்பீர்கள். தாய், தந்தை இருவரும் வேலைக்குச் செல்லும் குடும்பங்களில் நடந்து 2006-இல் வெளியான ஓர் ஆய்வு, குழந்தையின் இரண்டு வயதில் தந்தை எவ்வளவு விதவிதமான சொற்களைப் பேசுகிறாரோ, அதற்கேற்ப அதன் மூன்று வயதுப் பேச்சு வளமாக இருப்பதைக் கண்டது. அன்றாடப் பேச்சில் வாராத சொற்கள் படக்கதைகளில் நிறைய உண்டு. வீட்டில் "சாப்பிட்டாயா, தூங்கு" என்பதற்கு மேல் பேசாத தகப்பனுக்குக்கூட அந்தச் சொற்களைப் புத்தகமே எடுத்துக் கொடுத்துவிடும்.

ஆனால் யார் விடுகிறார்கள்? தடுப்பூசி போட நான்தான் தூக்கிச் சென்றேன். வாசிப்பு பற்றிய துண்டுப் பிரசுரத்தை "வீட்டில் அம்மாவிடம் கொடுங்கள்" என்று சொல்லி என் கையில் திணித்தார்கள். நூலகத்தின் கதை நேரத்துக்குப் போனால் "அம்மா வரவில்லையா?" என்கிறார்கள். இதைப் பற்றி முன்பே தங்களுக்கு இருமுறை எழுதினேன். இடநெருக்கடியால் அவை வெளிவரவில்லை என்றே நம்பிக்கொண்டிருக்கிறேன்.

என் தந்தையும் நன்றாகப் படிப்பவர்தாம். ஆயினும் சிறுவயதில் நான் கண்டதெல்லாம் விரித்த செய்தித்தாளும் அதன் இரு ஓரங்களிலும் தெரிந்த விரல்களுமே. அது தங்கள் நாளிதழ்தான் என்பதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒரு தலைப்பையாவது அவர் எனக்கு உரக்கப் படித்துக் காட்டியிருக்கலாம்.

வாரந்தோறும் சிறுவர் நூல்களை அறிமுகம் செய்யும் பெட்டிச் செய்திக்குத் 'தாய்மார்களுக்கு' என்று தலைப்பிடுகிறீர்கள். அதைப் 'பெற்றோருக்கு' என்று மாற்றுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். முன்னதற்கு 8 எழுத்துகள், பின்னதற்கு 6. இடமும் மிச்சமாகும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்