எங்கள் ரோபோகான் பயணத்தில் கைகொடுத்த எல்லாருக்கும்

அன்புடையீர், வணக்கம்.

தஞ்சாவூர்ப் பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றின் ரோபோட்டிக்ஸ் அணி நாங்கள், மொத்தம் பதினாறு பேர். ஆசிய-பசிபிக் நாடுகளின் கல்லூரி மாணவர்கள் தாங்களே ரோபோ செய்து மோதும் 2024 ரோபோகான் போட்டிக்காகப் பத்து மாதம் உழைத்து, அதன் இந்தியச் சுற்றுக்காக ஜூலையில் தில்லி போய்த் திரும்பினோம். கோப்பை வரவில்லை, முதல் சுற்றோடு வெளியேறினோம். ஆனாலும் ஒரு ஆட்டம் ஜெயித்தோம். அந்த ஒரு ஆட்டத்துக்குப் பின்னால் எத்தனை பேர் இருந்தார்கள் என்று எண்ணிப் பார்த்த பிறகு இந்த மடலை எழுதாமல் இருக்க முடியவில்லை.

ரோபோகானில் ஒவ்வொரு ஆண்டும் போட்டியை ஏற்று நடத்தும் நாடு தன் மண்ணிலிருந்து ஒரு கருப்பொருளைக் கொடுக்கும். இந்த முறை வியட்நாம். அவர்கள் கொடுத்தது நெல் சாகுபடி. ஓர் அணிக்கு இரண்டு ரோபோ. முதல் ரோபோ பன்னிரண்டு நாற்றுகளை நட்டுவிட்டு அறுவடைக்குப் போகும். நாற்று என்றால் பிவிசி குழாய், நெல் என்றால் பந்து. இரண்டாவது ரோபோ யாரும் இயக்காமல் தானாகவே பந்துகளைத் தேடி எடுத்து, ஐந்து கொள்கலன்களில் போட வேண்டும். எல்லாம் மூன்று நிமிடத்தில். அந்தக் கொள்கலன்களை நாங்கள் முதல் நாளிலிருந்தே குதிர் என்றுதான் சொன்னோம். சேர்க்கக்கூடாத ஊதாப் பந்துகளுக்கு விதிப்புத்தகத்தில் மணியில்லாத வெற்று நெல் என்று இருந்த பெயரைப் பார்த்ததும், “இது கருக்காய்தானே” என்றாள் எங்கள் அணியின் கோடிங் தங்கை. அதற்குப் பிறகு கேமராவுக்கான நிரலிலும் அதுவே பெயர்.

முதல் நன்றி, எங்கள் அணித் தோழன் ஒருவனின் அப்பாயிக்கு.

நாற்று நடும் கையில்தான் நாங்கள் இரண்டு மாதம் சிக்கிக் கிடந்தோம். கையின் நுனியில் பிடித்துக்கொள்ளும் கிரிப்பர் குழாயைச் சரியான இடத்தில் வைக்கும், விரல்கள் விரியும், கை மேலே ஏறும். ஏறும்போது விரல் நுனி குழாயின் விளிம்பை லேசாகத் தட்டும். பன்னிரண்டில் நான்கு சாய்ந்துவிடும். விரலுக்கு ரப்பர் ஒட்டினோம், மோட்டாரின் வேகத்தைக் குறைத்தோம், கிரிப்பரையே மூன்று முறை மாற்றினோம். பொங்கல் விடுமுறையில் அவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தபோது அப்பாயி எட்டிப் பார்த்தார். “கைய ஏன்டா மேல தூக்குற? ஊனிட்டுப் பின்னால வாங்கணும். நடுறவ பின்னாலதானே போவா?” என்றார்.

நாற்பது வருடம் சேற்றில் நின்று நடவு நட்டவர் அவர். மறுநாளே நிரலை மாற்றினோம். விரல் விரிந்ததும் ரோபோ ஒரு சாண் பின்வாங்கும், அதன் பிறகுதான் கை ஏறும். பன்னிரண்டும் நின்றன. அந்த மாலை எங்கள் பட்டறையில் எழுந்த சத்தம் விடுதிவரை கேட்டதாம். அப்பாயி, எங்கள் அணியின் முதல் பயிற்சியாளர் நீங்கள்தான்.

லேத் பட்டறை அண்ணனுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. சக்கரத்தின் ஷாஃப்ட் (அச்சு) வழுக்குகிறது என்று இரவு பத்து மணிக்கு வந்து நின்றோம். “ஸ்க்ரூ புடிச்சா நிக்காது தம்பி, கீவே வெட்டணும்” என்று சொல்லிவிட்டு, மூடிய ஷட்டரை மறுபடி தூக்கினீர்கள். கீவே என்றால், சிறு துண்டு ஒன்றைச் செருகி ஷாஃப்டையும் சக்கரத்தையும் பூட்டுவதற்கான பள்ளம். நான்கு சக்கரத்துக்கும் வெட்டி முடிக்க இரண்டு மணி ஆனது. அதற்குப் பிறகு ஒரு ஷாஃப்ட்கூட வழுக்கவில்லை, தில்லியிலும்.

இரண்டு ரோபோவும் சேர்ந்து 50 கிலோவைத் தாண்டக்கூடாது என்பது விதி. எங்களிடம் அவ்வளவு எடை போடும் தராசு இல்லை. ஊரின் நெல் கொள்முதல் நிலையத்தாரே, 40 கிலோ சிப்பங்களுக்கு நடுவே எங்கள் ரோபோக்களையும் தராசில் ஏற்ற அனுமதித்தீர்கள். 52.4 என்று காட்டியது. இரும்புத் தகடுகளை அலுமினியமாக்கிக்கொண்டு மூன்று முறை வந்தோம். மூன்று முறையும் லோடுமேன் அண்ணன்மார்தான் தூக்கி வைத்தார்கள். வரிசையில் காத்திருந்த விவசாயிகளில் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை.

பழைய டிராயிங் ஹாலின் சாவியை எங்களை நம்பிக் கொடுத்த ஆய்வக உதவியாளர் ஐயா, பிளைவுட்டுக்கான காசை மட்டும் வாங்கிக்கொண்டு ஆடுகளத்தில் பாதியைச் செய்து தந்த தச்சர் மாமா, பேரிங்குகளையும் தங்கள் தவறுகள் எழுதிய நோட்டையும் விட்டுப்போன சீனியர்கள், டிக்கெட்டுக்குப் பணம் போட்ட கடைத்தெரு வணிகர்கள், எல்லாருக்கும் நன்றி. தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவும் எங்கள் டிரங்குப் பெட்டிகளுக்காகக் காலை மடக்கி உட்கார்ந்து வந்த குடும்பமே, உங்கள் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. தில்லி ஆர்.கே.புரத்திலிருந்து தயிர்சாதம் கட்டி அனுப்பிய அக்கா, அன்று காலையிலிருந்து யாரும் சாப்பிட்டிருக்கவில்லை.

போட்டி நடந்த தியாகராஜ் விளையாட்டரங்கில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். பயிற்சிக்குப் பாதிக் களம்தான் இருந்ததால் சிவப்புப் பக்கம் மட்டுமே பழகியிருந்தோம். முதல் ஆட்டம் நீலப் பக்கம், எங்கள் நெல் பந்துகளும் நீலம். அரங்க விளக்கின் கீழ் எங்கள் கேமராவுக்கு நீலமும் ஊதாவும் ஒன்றாகத் தெரிந்தன. இரண்டாவது ரோபோ கருக்காயை நெல்லென்று நினைத்துத் துரத்தியது. தோற்றோம். வெளியே வந்து லேப்டாப்பைத் திறந்தால், பக்கத்து மேசை அணி கேட்காமலே வந்து உட்கார்ந்தது. அடுத்த சுற்றில் எங்களோடு மோதியிருக்கக்கூடியவர்கள். எங்களுக்கு இந்தி வராது, அவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் நிற எல்லைகளை எப்படித் திருத்துவதென்று தங்கள் திரையைத் திருப்பிக் காட்டினார்கள், தங்கள் பந்துகளையே தந்து பரிசோதிக்கவும் விட்டார்கள். அடுத்த ஆட்டத்தில் பன்னிரண்டு நாற்றும் நின்றன, இரண்டு குதிரில் நெல் சேர்ந்தது, ஜெயித்தோம். மூன்று குதிர்களை விதிப்படி நிரப்பினால் கிடைக்கும் ‘மூவா வாங்’ என்ற உடனடி வெற்றியை மட்டும் எங்களால் எட்ட முடியவில்லை. அந்த வேலை ஜூனியர்கள் கையில் இருக்கிறது.

அடுத்த ஆண்டுக்காக மோட்டார்களைக் கழற்ற வேண்டும். அதற்கு முன்னால், வரும் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு டிராயிங் ஹாலில் இரண்டு ரோபோவையும் கடைசியாக ஒருமுறை ஓட்டுகிறோம். நீங்கள் எல்லாரும் வர வேண்டும். அப்பாயியை நாங்களே வண்டியில் அழைத்து வந்துவிடுகிறோம்.

அன்புடன்,
அணியின் பதினாறு பேர்