உட்கார வைத்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு இதழில், ஒரு பாலர் பள்ளியில் சிறப்புக் குழந்தைகளும் மற்றவர்களோடு மகிழ்ச்சியாக உட்கார்ந்திருந்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் நிருபர் அந்த வகுப்பில் எவ்வளவு நேரம் இருந்தார் என்று தயவுசெய்து சொல்லுங்கள்.

என் மகளும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். ஆட்டிசம் உள்ள பிள்ளை, ஐந்து வயதிலும் பேச்சு வரவில்லை. அவளை யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. காலையில் கட்டைகளைக் கொடுத்து ஒரு மூலையில் உட்கார வைப்பார்கள். நான் அழைக்கப் போகும்போதும் அதே மூலையில்தான் இருப்பாள். தண்ணீர் வேண்டும் என்று காட்ட ஒரு பட அட்டைகூட அங்கே கிடையாது. கேட்டால், "பிள்ளை அமைதியாத்தானே இருக்கு" என்பார்கள்.

ஆசிரியையை மட்டும் குறை சொல்ல மாட்டேன். நம் மலேசியாவில் அரசாங்கப் பாலர் வகுப்பில் 25 பிள்ளைகள் வரை, ஓர் ஆசிரியர், ஓர் உதவியாளர் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அந்த உதவியாளர்தான் சாப்பாட்டையும் கவனிக்க வேண்டும். பிறகு, மற்ற பிள்ளைகள் விளையாடும்போது இவள் பக்கத்தில் உட்கார்ந்து, பொம்மையை எப்படிக் கேட்பது, தன் முறை வரும்வரை எப்படிக் காத்திருப்பது என்று யார் சொல்லிக்கொடுப்பது? உங்கள் படத்தில் இருந்த வண்ணச் சுவரைவிட எனக்கு அதுதான் முக்கியம்.

மாற்றுத் திறனாளிகள் சட்டம் 2008-இன் 28-ஆவது பிரிவு, பாலர் பள்ளியிலிருந்தே எங்கள் பிள்ளைகளை ஒதுக்கக் கூடாது என்கிறது. எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பாத கொள்கையும் 2019-இல் வந்தது. சரி, சேர்த்துக்கொண்டார்கள். அப்புறம் வகுப்புக்குள் என்ன நடக்கிறது என்று எழுத யார் வந்தார்கள்? தீபாவளி நேரத்தில் மட்டும் பிரமுகர் பக்கத்தில் அன்பளிப்புப் பையோடு எங்கள் பிள்ளைகளின் படம் வருகிறது. பெற்றோரிடம் கேட்டா போடுகிறீர்கள்? அரசாங்க மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சிக்கு மாதக்கணக்கில் காத்திருப்பதைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். அந்தக் கடிதம் வரவே இல்லை. தனியாரிடம் போக எல்லாரிடமும் பணம் இருக்கிறதா, ஐயா?

நான் கேட்பது இதுதான். அடுத்த முறை பாலர் பள்ளிப் பதிவு அறிவிப்பைப் போடும்போது, சிறப்புக் கல்விப் பாலர் வகுப்பு எந்தெந்தப் பள்ளியில் இருக்கிறது, பயிற்சி பெற்ற ஆசிரியர் இருக்கிறாரா என்பதையும் விசாரித்துச் சேர்த்துப் போடுங்கள். இப்போது நாங்கள் ஒவ்வொரு பள்ளிக்கும் போன் போட்டுத்தான் தெரிந்துகொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
செந்தூல், கோலாலம்பூர்