நம்ம நகர் குடியிருப்போர் நலச்சங்கம்: 2025 ஆண்டறிக்கை

எல்லாருக்கும் வணக்கம். பொதுக்குழுவுக்கு வந்தவங்கள்ல பாதிப்பேரு வடை டீ முடிஞ்சதும் கிளம்பிட்டீங்க, மீதிப்பேரு வரவே இல்ல, அதனால அங்க வாசிச்சதையே கொஞ்சம் சேர்த்து இங்க எழுதிடறேன்.

வழக்கமான சமாச்சாரம் முதல்ல. மழைநீர் வடிகால் தூர்வாரினாங்க, வாரின மண்ணை ஓரத்துலயே குவிச்சுட்டு போயிட்டாங்க, அடுத்த மழைல அது திரும்ப உள்ளயே போயிடுச்சு. தெருவிளக்கு மூணு மாத்தியாச்சு. சந்தா பாக்கி யாருன்னு வாசிக்கல, அவங்களுக்கே தெரியும். வடிகால் பத்தி இதுக்கு மேல எழுதினா எனக்கு பிபி ஏறும்.

இந்த வருஷம் நம்ம நகர்ல உருப்படியா நடந்தது நாய் பூனை விஷயம்தான். அதை எழுதறதுக்கு முன்னாடி ஒண்ணு ஒத்துக்கணும். 2022-ல ஆள் வச்சு ராத்திரியோட ராத்திரியா தெருநாய்ங்களை பிடிச்சு ஊருக்கு வெளிய கொண்டு போய் விட்டோமே, தீர்மானப் புத்தகத்துல அதுக்கு "சுகாதாரப் பணி"ன்னு பேர் வச்சு எழுதினது நான்தான். கருத்தடை பண்ணின நாயை பிடிச்ச இடத்துலயே திரும்ப விடணும்னு மத்திய அரசோட 2001 நாய் கருத்தடை விதியிலயே இருக்கு, எனக்கு அப்ப தெரியாது, தெரிஞ்சிருந்தாலும் செஞ்சிருப்பேன்னுதான் நினைக்கறேன். என்ன ஆச்சு? கருத்தடை ஆனதுக்கு அடையாளமா காதுல வெட்டு போட்ட பழைய நாய்ங்க இருந்த இடம் காலியாச்சு, கருத்தடை ஆகாத புது நாய்ங்க வந்து உக்காந்துச்சு, அடுத்த வருஷம் ட்ரான்ஸ்ஃபார்மர் பக்கத்துல ஒரே குட்டிங்க. பணம் போனதுதான் மிச்சம்.

2023-ல புது விதி வந்தப்ப, தெருநாய்ங்களுக்கு சாப்பாடு வைக்க இடமும் நேரமும் குடியிருப்போர் சங்கமே ஏற்பாடு பண்ணணும்னு சொல்லிட்டாங்க. 2025 ஆகஸ்ட் 22 சுப்ரீம் கோர்ட் உத்தரவுலயும் கண்ட இடத்துல சோறு போடக்கூடாது, அதுக்குன்னு ஒதுக்கின இடத்துலதான் போடணும்னு வந்துச்சு. நம்ம இடம் பழைய மோட்டார் ரூம் பின்னாடி, காலைல ஆறு மணிக்கு முன்னாடி, ராத்திரி ஒன்பதுக்கு மேல. கேட் வாசல்ல பிஸ்கட் வீசறவங்க தயவுசெஞ்சு நிறுத்துங்க.

இப்ப வீட்டுக்குள்ள வந்ததுங்க. பொருளாளர் சார் வீட்டு "புயலு" 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்துல மாடிப்படில ஒதுங்கின நாய்க்குட்டி, அது பழைய கதை. புதுசு அந்த லேப்ரடார். மார்ச்ல பார்க் கம்பில கட்டிப்போட்டுட்டு யாரோ போயிட்டாங்க, எட்டு வயசு இருக்கும், மடியெல்லாம் தொங்கிப்போய், குட்டி போட வச்சே வித்து சம்பாதிச்சிருக்காங்கன்னு பார்த்தாலே தெரிஞ்சுது. இரண்டாவது மாடி அம்மா, வீட்டுக்காரர் தவறினதுல இருந்து யாரோடயும் பேசாம இருந்தாங்களே, அவங்கதான் "ரெண்டு நாள் இருக்கட்டும்"னு கூட்டிட்டுப் போனாங்க. மூணு நாள் வாஷிங் மெஷின் பின்னாடியே இருந்துச்சாம், தண்ணி கூட ராத்திரி யாரும் பாக்காதப்பதான் குடிக்குமாம். நாலாம் நாள் அந்தம்மா தரையில உக்காந்து தயிர்சாதத்தை உப்பில்லாம பிசைஞ்சு உள்ளங்கைல வச்சு அந்தப் பக்கம் திரும்பிட்டு டிவி பாத்திருக்காங்க, சீரியல் முடியறதுக்குள்ள கை காலி. மோவாயை அவங்க முட்டி மேல வச்சு பெருமூச்சு விட்டுச்சாம். இப்ப ரெண்டு பேரும் சாயங்காலம் வாக்கிங் போறாங்க, யாரு யாரை இழுத்துட்டு போறாங்கன்னுதான் தெரியல, வழியில நிக்கற எல்லார்கிட்டயும் அந்தம்மா பேசறாங்க. என்கிட்ட வடிகால் பத்தி தினமும் கேக்கறாங்க, அது வேற.

அப்புறம் என் கதை. அக்டோபர் மழைல ஒரு காலைல கார் ஸ்டார்ட் பண்ணப் போறேன், பானெட்டுக்குள்ள மியாவ். மழைக்கும் குளிருக்கும் எஞ்சின் சூட்டுக்காக பூனைக்குட்டி ஏறி உக்காந்துக்கும், அதனால மழைக்காலத்துல வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி எல்லாரும் பானெட்டை ரெண்டு தட்டு தட்டிருங்க. மெக்கானிக் வந்து ரெண்டு மணி நேரம் போராடி எடுத்தாரு, உள்ளங்கை சைஸ், செம்பட்டை கலர், ஒரு கண்ணு சீழ் வச்சு மூடியிருக்கு. எங்க மாமியார் பாவம்னு பசும்பால் வச்சாங்க, ரெண்டு நாள் பேதி, பூனைக்கு பால் ஒத்துக்காதுன்னு டாக்டர்கிட்ட திட்டு வாங்கினது நான். காய்ச்சல்னு பாரசிட்டமால் கிட்டமால் குடுத்துடாதீங்க, பூனைக்கு அது விஷம்னும் அவருதான் சொன்னாரு. இந்தக் கலர்னா பெரும்பாலும் ஆணாத்தான் இருக்குமாம், நம்மது பொண்ணு. கண்ணு திரும்பல. பேரு பானெட்டு. சுகாதாரப் பணி தீர்மானம் எழுதின அதே புத்தகத்து மேலதான் தினமும் தூங்குது.

அஞ்சாவது வீட்டுப் பசங்க இறக்கை அடிபட்ட பச்சைக்கிளியை கூண்டு வாங்கி வளர்க்கப் பாத்தாங்க. ஆசைதான், ஆனா 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி நாட்டுக்கிளியை வீட்ல வச்சுக்கக் கூடாது, வனத்துறைகிட்ட குடுத்துட்டோம். பசங்க அழுதாங்க, கூண்டுல இப்ப வெங்காயம் வச்சிருக்காங்க.

வளர்க்கறவங்க கவனத்துக்கு: சென்னை மாநகராட்சி லைசென்ஸ் 2025-ல வருஷத்துக்கு 50 ரூபாதான், வெறிநாய் தடுப்பூசி சர்டிபிகேட் வேணும், நாய்க்கு மைக்ரோசிப்பும் போடணும். லைசென்ஸ் இல்லன்னா 5000 அபராதம்னு வருஷக் கடைசில அறிவிச்சதும்தான் பாதிப்பேரு ஓடினீங்க. ஆகஸ்ட்ல புயலு விளையாட்டுல ஒரு பையன் மேல பல்லு பட வச்சிருச்சு, ஊசி போட்ட நாய்தானேன்னு விடாம பொருளாளர் சாரே குழாயைத் திறந்து சோப்பு போட்டு கால் மணி நேரம் கழுவிவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போனாரு, முதல் நாள், அப்புறம் 3, 7, 28-ம் நாள்னு எல்லா ஊசியும் கூடவே போய் போட வச்சாரு. சண்டை வரும்னு பயந்தேன், வரல.

கணக்கு விவரம் நோட்டீஸ் போர்டுல இருக்கு. வவுச்சர் நம்பர் 14 மூலைல கிழிஞ்சிருக்கும், பானெட்டு கடிச்சது, தொகை நல்லாவே தெரியுது, தணிக்கை பண்றவங்க பொறுத்துக்கணும்.

இப்படிக்கு,
செயலாளர்