மாதுளைநிறச் சட்டைக்காரிக்கு

ஹார்ட்ஃபோர்ட், கனெக்டிகட்
8 ஏப்ரல் 2025

அன்புள்ள பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து இறுதிப் போட்டியில் எங்கள் கனெக்டிகட் உங்கள் தென் கரோலினாவை வென்ற கையோடு, மாலை உன்னை மூன்று முறை கூப்பிட்டேன். நீ எடுக்கவில்லை. நான்காவது முறை கூப்பிடப் போனபோது உன் அப்பா போனைப் பிடுங்கி வைத்துவிட்டார். "82-59. குழந்தை வாங்கிய அடி போதும், நீ வேறு போய் உப்பைத் தடவாதே" என்றார். அதனால்தான் கடிதம். கடிதத்தைப் பாதியில் துண்டிக்க முடியாது, பார்.

ஹார்ட்ஃபோர்டில் பிறந்து, கனெக்டிகட் பல்கலைக்கழகமான யூகானின் நீலத்தில் வளர்ந்து, வேலைக்காகத் தென் கரோலினாவின் கொலம்பியா நகருக்குப் போன மறு வருடமே அந்த ஊர்ப் பல்கலைக்கழக அணியின் மாதுளைநிறச் சட்டையை வாங்கி மாட்டிக்கொண்டவள் நீ. பிப்ரவரி 16 அன்று உங்கள் ஊர் அரங்கிலேயே, தொடர்ந்து 71 ஆட்டங்களாக யாரும் ஜெயிக்க முடியாத அந்த அரங்கிலேயே, எங்கள் பெண்கள் 87-58 என்று வென்றார்கள். அப்போதாவது உனக்குப் புத்தி வரும் என்று நினைத்தேன். சரி, கேலி போதும். போன வாரம் நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

சனிக்கிழமைகளில் பன்னிரண்டு வயதுப் பெண்களுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுக்கிறாய். பந்து கை மாறியதும் திரும்பி ஓடித் தடுக்காமல் இடுப்பில் கை வைத்து நின்ற ஒருத்தியை அதட்டியிருக்கிறாய். அவள் அழுதுவிட்டாள். "நான் அதட்டலாமா அம்மா? இல்லை, இந்த வேலையே எனக்கு வேண்டாமா?" என்று கேட்டாய். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஏதோ வாய்க்கு வந்ததைச் சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அது மூன்று நாளாக உறுத்துகிறது.

எனக்கு இந்த ஆட்டத்தின் நுணுக்கம் தெரியாது. நான் படித்த பள்ளியில் எறிபந்துதான். அதிலும் என்னை ஓரமாகத்தான் நிறுத்துவார்கள். ஆனால் முப்பது வருடமாக, பந்தைப் பார்த்ததைவிட அதிகமாக, பெஞ்ச் ஓரத்தில் நின்று கத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

நாங்கள் இங்கே வந்தது 1994 டிசம்பரில். உன் அப்பாவுக்கு இன்சூரன்ஸ் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை. காலையில் அவர் போனால் இருட்டிய பிறகுதான் திரும்புவார். ஜன்னலுக்கு வெளியே பனி, உள்ளே நான். பொங்கல் முடிந்த கையோடு, ஒரு திங்கட்கிழமை, மிஞ்சிய சர்க்கரைப் பொங்கலை ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுப் பாட்டியின் கதவைத் தட்டினேன். அவர் கதவைத் திறந்து, கிண்ணத்தை வாங்கிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் என்னைச் சோபாவில் உட்கார வைத்துவிட்டு மறுபடியும் டிவியைப் பார்க்க ஆரம்பித்தார். அது 1995 ஜனவரி 16. கனெக்டிகட்டும் டென்னசியும் முதல் முறையாக மோதிய நாள். இரண்டு அணிகளும் அதுவரை தோற்கவே இல்லை. 77-66 என்று எங்கள் அணி வென்றது. எங்கள் அணி என்கிறேன், அன்று காலைவரை அப்படி ஓர் அணி இருப்பதே எனக்குத் தெரியாது.

மறுநாள் செய்தித்தாளில் பயிற்சியாளரின் பெயரைத் தேடிப் பார்த்தேன். ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் படித்தால் 'ஆரியம்மா' என்று வந்தது. மாரியம்மா மாதிரி ஓர் ஆரியம்மா! பெண்கள் அணிக்கு ஓர் அம்மாதான் பயிற்சியாளர் போலிருக்கிறது என்று பாட்டியிடம் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி கீழே விழுந்தது. ஜீனோ ஆரியம்மா இத்தாலியில் மொண்டெல்லா என்ற ஊரில் பிறந்து, ஏழு வயதில் பென்சில்வேனியாவுக்கு வந்த ஆண் என்று பிறகுதான் தெரிந்தது. நம்மைப் போல வந்தேறிக் குடும்பம். 1985-ல் அவர் இங்கே பொறுப்பேற்றபோது அந்த அணி அதற்கு முன் ஒரே ஒரு வருடம்தான் தோல்வியைவிட அதிக வெற்றி கண்டிருந்தது. இப்போது பன்னிரண்டு தேசியப் பட்டம். 71 வயது. போன நவம்பரில் ஸ்டான்ஃபோர்டின் பயிற்சியாளராக இருந்த டாரா வான்டர்வீர் அம்மையார் வைத்திருந்த 1,216 வெற்றி என்ற சாதனையையும் தாண்டிவிட்டார். உன் அப்பாவுக்கு இன்றும் அவர் 'அம்மன்'தான். "அம்மன் இன்றைக்கு உக்கிரமாக இருக்கிறது" என்பார்.

பாட்டி ஏன் இந்த ஆட்டத்துக்காக இப்படி உருகினார் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேனா? அவர் பள்ளியில் ஆடிய காலத்தில் பெண்களுக்கு வேறு விதி. ஓர் அணியில் ஆறு பேர். பாதிப் பேர் நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம், பாதிப் பேர் அந்தப் பக்கம்; யாரும் கோட்டைத் தாண்டக் கூடாது. பந்தை இரண்டு தடவைக்கு மேல் தரையில் தட்டக் கூடாது. ஓடினால் பெண்ணின் உடம்பு தாங்காதாம். கல்லூரிப் பெண்கள் முழு மைதானத்திலும் ஐந்து பேராக ஆட ஆரம்பித்ததே 1971-ல்தான். அதற்கு அடுத்த வருடம்தான் கல்வி நிலையங்களில் பெண்களைப் பாகுபடுத்தக் கூடாது என்ற சட்டம் வந்தது. எங்கள் அணியின் ரெபெக்கா லோபோ ஒரு கூடையின் அடியிலிருந்து மறு கூடை வரை ஓடுவதைப் பார்க்கும்போதெல்லாம் பாட்டி ஒரு கையை நீட்டி நடுக்கோட்டைக் காட்டுவார். "நான் இங்கேயே நின்றேன், தெரியுமா" என்பார். 1995-ல் முடிந்த அந்தப் பருவத்தில் எங்கள் அணி 35 ஆட்டம் ஆடி 35-லும் வென்றது.

கேபிள் இணைப்புக்கு எங்களிடம் பணம் இல்லை. நல்ல வேளை, மாநிலப் பொதுத் தொலைக்காட்சியே இந்தப் பெண்களின் ஆட்டங்களை ஒளிபரப்ப ஆரம்பித்திருந்தது. 2012 வரை அது நடந்தது. நீ தவழ்ந்ததே அந்தச் சத்தத்தில்தான்.

ஆண்கள் கல்லூரி அணியில் பெரிய ஆட்டக்காரன் ஒருவனை மனதில் பதிப்பதற்குள், ஒரே வருடத்தில் தொழில்முறை ஆட்டத்துக்குப் பறந்துவிடுவான். பெண்களுக்கு விதி வேறு. பெரும்பாலும் நான்கு வருடம் இருந்தாக வேண்டும். அதனால் நமக்கு அவர்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மாதிரி ஆகிவிடுகிறார்கள். பதினெட்டு வயதில் பயந்த முகத்தோடு வருவார்கள். நம் கண் முன்னாலேயே தோள் அகன்று, கோபம் வளர்ந்து, கோபம் அடங்கி, இருபத்திரண்டில் விடைபெறுவார்கள். எங்கள் பேஜ் பெக்கர்ஸ் ஐந்து வருடம் இருந்தாள். முழங்கால் கிழிந்து ஒரு வருடம் முழுக்க ஆட முடியாமல் பெஞ்சில் இருந்தாள். அஸி ஃபட்டுக்கும் அதே முழங்கால் கதை. ஞாயிற்றுக்கிழமை அஸி 24 புள்ளி, இந்த வருடம்தான் சேர்ந்த சாரா ஸ்ட்ராங் 24 புள்ளி, அதோடு கூடையில் விழாமல் திரும்பிய பந்தை 15 முறை பிடித்தாள். முடிவில் பேஜை வெளியே அழைத்தபோது கிழவர் ஜீனோ அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். ஐந்து வருடமாக அவளைப் பொரிந்து தள்ளியதும் அதே கிழவர்தான். நானும் அழுதேன். நீ போனை எடுத்திருந்தால் கேட்டிருப்பாய்.

ஆனால் உன் கேள்விக்கு எனக்கு ஞாபகம் வந்தது ஜீனோ இல்லை. எங்கள் எதிரி முகாமான டென்னசியின் பயிற்சியாளர் பாட் சம்மிட் அம்மையார். பாட்டிக்கு டென்னசியின் ஆரஞ்சு நிறமே ஆகாது. வீட்டில் ஆரஞ்சுப் பழம்கூட வாங்க மாட்டார். ஆனால் பாட் சம்மிட்டைப் பற்றி யாராவது தப்பாகப் பேசினால் சண்டைக்குப் போவார். 1974-ல், 22 வயதில், தன்னைவிட ஓரிரு வயதே சிறிய பெண்களுக்குப் பாட் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். மாதச் சம்பளம் 250 டாலர். டோனட் விற்ற காசில் வாங்கிய சீருடைகள். அவற்றைத் துவைத்தது அவர். வேனை ஓட்டியது அவர். அவர் பார்வை ஒன்று உண்டு, நீல நிறக் கண்களை விரித்து ஒரு பெண்ணை முறைத்தால் டிவிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் நானே நிமிர்ந்து உட்காருவேன். வகுப்புக்கு மட்டம் போடக் கூடாது, முதல் மூன்று வரிசைக்குள்தான் உட்கார வேண்டும் என்பது அவர் சட்டம். 38 வருடம், 1,098 வெற்றி, எட்டுப் பட்டம். இவையெல்லாம் எண்கள். என்னைக் கட்டிப்போட்டது வேறு: அவரிடம் முழுக் காலமும் ஆடி முடித்த ஒருத்திகூடப் பட்டப்படிப்பை முடிக்காமல் போனதில்லை.

1990-ல் நிறைமாதக் கர்ப்பமாக இருந்தபோது மிஷெல் மார்சினியாக் என்ற பள்ளிப் பெண்ணைத் தன் அணிக்கு அழைக்கப் பென்சில்வேனியாவில் அவள் வீட்டுக்குப் போனார். அங்கே வலி கண்டுவிட்டது. பிள்ளை டென்னசியில்தான் பிறக்க வேண்டும் என்று விமானம் ஏறித் திரும்பி வந்துதான் பெற்றுக்கொண்டார். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பெண் முதலில் வேறு கல்லூரியில்தான் சேர்ந்தாள்! பிறகு மாறி வந்து, 1996-ல் பாட் சம்மிட்டுக்குப் பட்டம் வாங்கித் தந்தாள்.

2011-ல், 59 வயதில், தனக்கு அல்சைமர் வந்திருப்பதை அவரே வெளியில் சொன்னார். சொல்லிவிட்டு இன்னும் ஒரு பருவம் பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் அவரிடம் ஆடிப் பழகிய ஹாலி வார்லிக், அவர் வேலையில் பெரும்பகுதியைத் தன் தோளில் போட்டுக்கொண்டு. வருடக் கணக்காக அவரோடு முறைத்துக்கொண்டிருந்த ஜீனோ அவருடைய அறக்கட்டளைக்கு 10,000 டாலர் கொடுத்தார். 2016 ஜூனில் பாட் இறந்த அன்று பாட்டி வீட்டில் விளக்கே ஏற்றவில்லை. நான் ரசம் கொண்டுபோனேன். குடிக்கவில்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, அதட்டினால் பாட் சம்மிட் ஆகிவிடலாம் என்று நினைத்துவிடாதே. அந்தப் பேரைச் சொல்லிக்கொண்டு குழந்தைகளை வதைத்தவர்களும் இருக்கிறார்கள். பத்தாம் வகுப்பில் உனக்கு ஒருவர் வாய்த்தார், ஞாபகம் இருக்கிறதா? பருவம் முழுக்கப் பெஞ்சில் உட்கார வைத்தார். அது தப்பில்லை, நீ அப்போது நன்றாக ஆடவில்லை. ஆனால் கடைசிவரை உன் பெயரைச் சரியாகச் சொல்லவில்லை. கத்திவிட்டுக் காரில் ஏறிப் போய்விடுவார். நீ வாசலில் எனக்காகக் காத்திருப்பாய். ஒரு நாள் பள்ளிக்குப் போன் செய்யப் போனேன். உன் அப்பா தடுத்தார். தடுத்ததைக் கேட்டிருக்கக் கூடாது. அதை இன்றுவரை உன்னிடம் சொன்னதில்லை.

அதனால் நீ அதட்டினாயா என்பது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பயிற்சி முடிந்து அவள் அம்மா வரும்வரை நீ அவளோடு நின்றாயா? அவளுக்குப் பந்தை எறிந்து எறிந்து கொடுத்தாயா? அதைச் சொல்லவே இல்லையே.

இப்போது உன் ஆளைப் பற்றி. ஒப்புக்கொள்கிறேன், எனக்கும் உங்கள் பயிற்சியாளர் டான் ஸ்டேலியைப் பிடிக்கும். வெளியில் சொன்னால் இந்த ஊரில் குடியிருக்க முடியாது. வட பிலடெல்பியாவின் அரசுக் குடியிருப்பிலிருந்து வந்தவர். ஆட்டக்காரியாக மூன்று ஒலிம்பிக் தங்கம், தலைமைப் பயிற்சியாளராக ஒன்று. கரோலின் பெக் 1999-ல் பட்டம் வென்ற முதல் கருப்பினப் பெண் பயிற்சியாளர். அன்று வெற்றியின் அடையாளமாக வெட்டிய கூடை வலையின் ஒரு துண்டை 2015-ல் ஸ்டேலியிடம் கொடுத்தார். 2017-ல் ஸ்டேலியும் பட்டம் வென்றார். தன் வலையை அலமாரியில் பூட்டி வைக்காமல், துண்டு துண்டாக வெட்டி, நாடெங்கும் உள்ள கருப்பினப் பெண் தலைமைப் பயிற்சியாளர்களுக்குத் தபாலில் அனுப்பினார். ஒரு நூல் துண்டு! அதைப் படித்த அன்று, பூஜை அறையில் நம் ஆயா கொடுத்த மஞ்சள் கயிற்றை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தேன். ஏன் என்று கேட்காதே.

உங்கள் அரங்கின் வாசலில், உங்கள் அணியில் ஆடிய ஏ'ஜா வில்சனின் சிலை இருக்கிறது அல்லவா? அவளுடைய பாட்டி சிறுமியாக இருந்தபோது அந்தப் பல்கலைக்கழக மண்ணில் நடக்க அனுமதி இல்லை. சுற்றிக்கொண்டுதான் போக வேண்டுமாம். அடுத்த முறை உள்ளே போகும்போது ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போ.

ஸ்டேலிக்கு இப்போது வருடச் சம்பளம் சுமார் 40 லட்சம் டாலர். பாட் சம்மிட்டின் மாதம் 250 டாலரிலிருந்து அங்கே வந்திருக்கிறது. 2021-ல்கூடத் தேசியக் கல்லூரிப் போட்டிக்கு வந்த பெண்களுக்கு ஒரே ஒரு சின்ன அடுக்கு எடைக் கட்டைகளை வைத்துவிட்டு, ஆண்களுக்கு ஒரு பெரிய உடற்பயிற்சிக் கூடமே கட்டியிருந்தார்கள். ஓர் ஆட்டக்காரி படமெடுத்துப் போட்ட பிறகுதான் அவர்களுக்கு வெட்கம் வந்தது. போன வருடம் உங்கள் அணி அயோவாவை வென்ற இறுதிப் போட்டியை ஏறக்குறைய 1.9 கோடி பேர் பார்த்தார்கள். ஆண்கள் இறுதிப் போட்டியை 1.5 கோடி பேர்கூடப் பார்க்கவில்லை. நம் பாட்டி அதற்கு ஆறு மாதம் முன்னால் போய்விட்டார்.

அவருடைய மகன் வீட்டைக் காலி செய்தபோது, அரங்கில் அவர் போட்டு உட்காரும் நீல மெத்தையை என்னிடம் கொடுத்தார். நுனி பிய்ந்திருந்தது, தைத்துவிட்டேன். நாளை பார்சலில் அனுப்புகிறேன், அதோடு எலுமிச்சை ஊறுகாயும். உங்கள் அரங்கில் அந்த மெத்தையைப் போட்டு உட்கார்ந்துகொள். என்ன நிறச் சட்டை வேண்டுமானாலும் போட்டுக்கொள். ஜிம்முக்கும் எடுத்துப் போ, அங்கே பெஞ்சுகள் கட்டையாக இருக்கும்.

அடுத்த குளிர்காலத்தில் நம் இரண்டு அணிகளும் மோதினால் டிக்கெட் எடுத்து வை, நானும் அப்பாவும் வருகிறோம். போனை எடு. அந்தப் பெண் இந்தச் சனிக்கிழமை வந்தாளா இல்லையா என்று சொல்.

அன்புடன்,
அம்மா